பயற்றங்கொடியும் பெயிண்ட் ஷெட்டும்

தாசையன் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பாப்பனங்கோட்டில், நாகர்கோவில் ரோட்டை விட்டு உள்ளே இறங்கும் ஒரு சந்தில், வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட் அவருடையது. எங்கேயாவது உரசிக்கொண்டு வரும் ஆட்டோவோ காரோ, நசுங்கின இடம் நிமிர்ந்தபின் அவரிடம் வரும். பழைய நிறமும் புது நிறமும் சேருகிற இடம் வண்டிக்காரருக்கே தெரியாதபடி அடித்துக் கொடுப்பார். அதனால் திருவனந்தபுரத்தின் மறுகோடியிலிருந்தும் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இருபது வயதில் தம்பானூரில் பஸ் இறங்கி, கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஸ்பிரே பிடிக்கக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாதவர். ஐம்பது வயது நிறைவதற்குள் மூச்சு முட்டிச் செத்துப்போனார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் தாசையனும் ஒருவர். அதற்குப்பின் அவர் மாஸ்க் போடாமல் ஸ்பிரே துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும், தான் பிழைக்கிற தொழில் யாரையாவது கொல்லும் தொழில் என்ற எண்ணம் அவருக்குள் எங்கோ இருந்துகொண்டேயிருந்தது. மனைவி ரோஸ்லெட்டிடம்கூட அதைச் சொன்னதில்லை.

பக்கத்து வீடு பார்வதியம்மாளுடையது. நாஞ்சில்நாட்டுக்காரர். மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வசித்தார். அவருடைய மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தாசையனின் தகரக் கூரை கையெட்டும் தூரத்தில் தெரியும். அந்த மாடி முழுக்கச் சாக்குப் பைகளில் செடிகள். வெண்டை, கத்தரி, பாலக்கீரை, பாகல். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொடிப்பயறு. சென்னைக்காரர்கள் காராமணி என்பார்களே, அது. கம்பியில் பந்தல் கட்டி ஏற்றி விட்டிருந்தார். காய்க்கிற காலத்தில் மதில்மேல் ஒரு கட்டுப் பயறு இருந்தால், அது ரோஸ்லெட்டுக்கு என்று அர்த்தம். பதிலுக்கு ரோஸ்லெட் மரச்சீனிக் கிழங்கு அவித்தால் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகும்.

ஜனவரி கடைசியில் ஒருநாள் பார்வதியம்மாள் ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். கையில் ஒரு பயற்றிலை.

"தாசையா, இது என்னதுன்னு பாருங்க."

தாசையன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு இலையை வாங்கினார். மேற்புறம் முழுக்க, நரம்புகளுக்கு இடையிலே, செம்பு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன.

"பூச்சியா இருக்கும் அக்கா."

"பூச்சின்னா எனக்குத் தெரியாதா? வேப்பெண்ணெயும் அடிச்சுப் பாத்தாச்சு. திருப்பிப் பாருங்க. அடியில ஒண்ணும் இல்ல பாத்தியளா? மேல மட்டும் ஆரோ ஸ்பிரே பிடிச்ச மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு, ஷெட்டுக்குள் நின்ற காரைப் பார்த்தார். தாசையனும் பார்த்தார். கஷ்டகாலம், அந்தக் காருக்கு அவர் அடித்துக்கொண்டிருந்தது செம்பு நிறம்தான்.

அவர் ஒரு துணியை, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து இலையை அழுத்தித் துடைத்தார். துணியில் பச்சைதான் ஏறியது. புள்ளிகள் அப்படியே இருந்தன.

"பெயிண்டு இல்ல அக்கா. பெயிண்டுன்னா இதுல இளகி வந்திரும்."

"செரி, பெயிண்டு இல்ல. அதுக்க ஆவி. அந்த நாத்தம் எங்க அடுக்களை வரைக்கும் வருது. நான் ஜன்னல அடைச்சிட்டு இருந்துக்கிடுவேன். செடி மூக்கப் பொத்திக்கிட்டு ஓடவா முடியும்?"

 பார்வதியம்மாள் கோபமாகப் பேசியிருந்தால் தாசையனும் ஏதாவது சொல்லியிருப்பார். அந்த அம்மாள் வருத்தமாகப் பேசியதுதான் தாங்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், ரோஸ்லெட் இருமுவதைக் கவனித்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே அவளுக்கு அந்த இருமல் இருந்தது. இதுவரை அவர் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. இப்போது ஒவ்வொரு இருமலும் அவருக்குத் தனியாகக் கேட்டது. ஷெட்டுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சமைக்கிறாள், துணி காயப்போடுகிறாள். மொட்டை மாடியில் நிற்கிற செடிக்கே இந்தக் கதி என்றால் அவளுடைய நெஞ்சுக்குள் என்ன இருக்கும்? அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பிப்ரவரியில் வெயில் ஏற ஏற நிலைமை மோசமானது. பயற்றின் அடியிலைகள் மஞ்சளாகிப் பழுத்து உதிர்ந்தன. பிஞ்சு பிடிப்பது குறைந்தது. பாலக்கீரையிலும் வெளுத்த திட்டுகள் வந்தன. சந்தின் மறுமுனையில் வேறு இரண்டு வீடுகளிலும் அப்படியே என்று பேச்சு வந்தது. எல்லோருக்கும் கண்ணில் பட்டது அந்தத் தகரக் கூரைதான். மதில்மேல் பயற்றுக்கட்டு வருவதும் நின்றது. ரோஸ்லெட் மரச்சீனி அவித்த அன்று கிண்ணத்தை எடுத்தாள். பிறகு திரும்ப வைத்துவிட்டாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹரிகுமார் ஒரு காலையில் வந்தார். நல்ல மனிதர். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் ஷெட் வாசலில் நின்று பேச்சை வளைத்தார்.

"அண்ணாச்சி, எனக்கு உங்ககிட்ட விரோதம் ஒண்ணும் இல்ல, கேட்டோ. பட்சே எல்லாரும் உங்க ஷெட்டைத்தான் பறயுது. கார்ப்பரேஷன்ல ஒரு பராதி கொடுக்கணும்னு மீட்டிங்ல தீருமானம் ஆயி."

"பராதி ஒண்ணும் வேண்டாம் சாரே. நானே அடைச்சிடுதேன்."

புகார் என்றதும் வாதம் வரும் என்று ஹரிகுமார் தயாராக வந்திருந்தார். வாதம் இல்லாமல் போனதில் தடுமாறி, "அத்ரயொண்ணும் வேண்டா... கொஞ்ச நாள் பாத்தா போதும்" என்றார். தாசையன் கேட்கவில்லை. கையிலிருந்த வண்டியை முடித்துக் கொடுத்துவிட்டு அந்த வார இறுதியில் ஷெட்டைப் பூட்டினார்.

ரோஸ்லெட் கொதித்துப் போனாள்.

"கேட்டியளா, உங்களுக்கு என்ன கிறுக்கா? அவிய பராதி குடுக்கட்டு, ஆபீசர் வந்து பாக்கட்டு. நாமளே அடைச்சா, தப்பு நம்மளதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா?"

"தப்பு நம்மளதா இருந்தா?"

"ஆரு சொன்னா?"

"உனக்க இருமலு சொல்லுது." அவர் ஷெட் சாவியை ஆணியில் மாட்டினார். "அந்த இலையப் பாத்ததுல இருந்து எனக்கு நெஞ்சு கெடந்து அடிக்குது ரோஸ்லெட்டே. எனக்க மேஸ்திரி கடைசியில இருமினது இன்னும் காதுல கேக்குது. நீ நாளைக்கு எங்கூட ஆசுபத்திரிக்கு வா."

 இத்தனை வருடத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. சண்டையை அதோடு விட்டாள்.

மறுநாள் போனார்கள். மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தாசையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல. நல்ல சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. பிறகு ரோஸ்லெட்டிடம் கேட்டார்: "இருமல் எப்போ கூடுதல்?"

"படுத்தா டாக்டரே."

"சாப்பிட்ட உடனே படுப்பியா?"

ஆமாம் என்றாள் ரோஸ்லெட். வயிற்றுப் புளிப்பு தொண்டை வரை ஏறி வருவதால் வரும் இருமல் அது என்று விளங்கியது. மாத்திரையும், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடிக்க வேண்டும் என்ற உத்தரவும் கிடைத்தன. வெளியே வந்ததும் தாசையன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். 

"நீ மீன்கறிய மூக்குமுட்டத் தின்னதுக்கு நான் ஷெட்ட அடைச்சிருக்கேன்" என்றார்.

ரோஸ்லெட் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆனாலும் ஷெட்டைத் திறக்கவில்லை. ஒரு பயம் போய்விட்டது. இலைகள் அப்படியேதானே இருக்கின்றன. வீடுகளின் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பிரஷ்ஷால் அடித்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார்.

மார்ச் வந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பார்வதியம்மாள் தினமும் காலையில் மாடிக்கு ஏறுவார், பூட்டிய ஷெட்டைப் பார்ப்பார், பிறகு பந்தலைப் பார்ப்பார். ஷெட் பூட்டின பிறகு முளைத்து, அதற்கப்புறம் விரிந்த இலைகளிலும் செம்புப் புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. முன்பைவிட அதிகமாகவே. இரண்டு மூன்று நாள் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த மனுஷி. கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தபின் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. இலைகளைப் பறித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு கிருஷி பவனுக்குப் போனார். வேளாண்மை அலுவலகத்துக்கு அங்கே அதுதான் பெயர். அங்கிருந்தவர்களுக்கும் பிடிபடவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர், இதையே ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லி, இலைகளைப் படமெடுத்து அனுப்பினார்.

அந்தப் பெண் அஸ்வதி. வேளாண் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. படத்தைப் பார்த்ததும் நேரிலேயே வந்துவிட்டாள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மாடியில் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தாள். பிறகு, "கீழே பெயிண்ட் அடிக்கிற அண்ணாச்சியைக் கொஞ்சம் விளிக்காமோ?" என்று கேட்டாள்.

தாசையன் கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி மாடியேறி வந்தார். பின்னாலேயே ரோஸ்லெட்டும் வந்தாள். அவளும் பார்வதியம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இது பூச்சி இல்ல, பூஞ்சை இல்ல, பெயிண்டும் இல்ல" என்றாள் அஸ்வதி, மலையாளமும் தமிழும் கலந்து. "இது ஓசோன் செய்யுற வேலை."

"ஓசோனா?" பார்வதியம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. "அது மேலல்லா இருக்கு? நம்மள வெயில்ல இருந்து காப்பாத்துறதுன்னுல்லா படிச்சோம்?"

"மேலே உள்ளது நல்லது, சேச்சி. அதே வஸ்து கீழே நாம மூச்சு விடுற இடத்துல உண்டானா உபத்திரவம்."

வண்டிகளும் ஜெனரேட்டர்களும் விடுகிற புகை, பெட்ரோல், தின்னர் மாதிரிப் பொருள்களின் ஆவி, இவையெல்லாம் காற்றில் கலந்து கடும் வெயிலில் கிடந்தால் ஓசோனாக மாறும் என்று அவள் விளக்கினாள். அதற்குப் புகை மாதிரி நிறம் கிடையாது. செடி மூச்சு விடுவதற்காக இலையில் திறந்து வைத்திருக்கிற சின்னச் சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய், மேல்தோலுக்குக் கீழே இருக்கிற பச்சையைச் சுடும். அதனால்தான் புள்ளி மேலே மட்டும் தெரிகிறது. அதிக நாள் காற்றுப்பட்ட பழைய இலையில் அதிகமாகத் தெரிகிறது. செடி தன் பலத்தையெல்லாம் அந்தக் காயத்தை ஆற்றுவதில் செலவழிப்பதால் காய்ப்பு குறைகிறது. பயற்றுக்கும் பாலக்கீரைக்கும் அதைத் தாங்கும் சக்தி குறைவு. வெண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள் என்றாள்.

தாசையன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"மோளே, தின்னருக்க ஆவின்னும் சொன்னியே. அப்பம் எனக்கும் அதுல பங்கு உண்டா?"

"உண்டு" என்றாள் அஸ்வதி. "நான் வந்த ஸ்கூட்டருக்கும் உண்டு. இந்த ரோட்டுல போற எல்லா வண்டிக்கும் உண்டு. பட்சே ஒரு ஷெட்டுல இருந்து கிளம்பி மதில் தாண்டி அடுத்த மாடியில விழுற வஸ்து இல்ல இது. மணிக்கூர் கணக்கா வெயில்ல வேகணும். அதுக்குள்ள காத்து அதை எங்கேயோ கொண்டு போயிரும். அண்ணாச்சி ஷெட்டை அடைச்சப்புறமும் புள்ளி கூடிச்சே, அது போதாதா?"

தனக்குப் போதும், ஆனால் சந்துக்காரர்களுக்குப் போதாது என்றார் பார்வதியம்மாள். அஸ்வதி யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். ஒரே விதை, ஒரே மண். பயற்றை மூன்று இடத்தில் தொட்டியில் வளர்ப்போம். இந்த மாடியில் கொஞ்சம். நகருக்குக் கிழக்கே, பெயிண்ட் ஷெட்டே இல்லாத மலையின்கீழ் என்கிற ஊரில், என் வீட்டில் கொஞ்சம். புகையின் நடுவில் தம்பானூரில் கொஞ்சம்.

தொட்டிகளைத் தாசையன்தான் தன் பழைய வேனில் கொண்டுபோய் இறக்கினார். தம்பானூரில் அவருக்குத் தெரிந்த ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் இடம் கிடைத்தது. கீழே பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. 'இங்க வச்சா செடி ஒரு வாரத்துல கருகிப்போவும்' என்று நினைத்துக்கொண்டே இறங்கினார்.

ஏப்ரலில் கோடை மழை தள்ளிப் போனது. அஸ்வதி அவர்களை மலையின்கீழுக்கு வரச் சொன்னாள். வேனில் தாசையனும், பக்கத்து சீட்டில் பார்வதியம்மாளும்.  அஸ்வதியின் வீட்டைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள். தூரத்தில் மலை தெரிந்தது. ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. காற்றை மோந்தால் மண் வாசனைதான். திண்டில் வரிசையாகத் தொட்டிகள் இருந்தன.

அந்தப் பயற்றிலைகள் பாப்பனங்கோட்டு இலைகளைவிட மோசமாக இருந்தன. பாதி இலை செம்பாகியிருந்தது.

தாசையன் ஒரு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பெயிண்ட் அடிக்கிற ஒரு ஷெட்டும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அவருடைய தோள்கள் தாமாகவே தளர்ந்தன.

"தாசையா" என்றார் பார்வதியம்மாள். "நான் ஒரு இலைய வச்சுக்கிட்டு உங்க தொழிலையே அடைச்சிட்டேன். எனக்குப் பொறுக்கல."

"நீங்க சொன்னதுனால அடைக்கல அக்கா. நானே நம்பினேன். பத்து முப்பது வருசமா நம்பிக்கிட்டேதான் இருந்தேன்." அவர் இலையைக் கையிலிருந்து விட்டார். "அந்தச் சுமை இப்பம்தான் இறங்குது."

அங்கேயிருந்து அஸ்வதியையும் ஏற்றிக்கொண்டு நேரே தம்பானூர் லாட்ஜுக்குப் போனார்கள். அங்கே இலைகள் கரி படிந்து கறுப்பாக இருந்தன. அஸ்வதி ஈரத்துணியால் துடைத்ததும் அடியில் பச்சை தெரிந்தது. ஒன்றிரண்டு புள்ளிகள்தான். புதிதாக வருகிற வண்டிப்புகை பக்கத்தில் இருக்கிற ஓசோனைத் தின்றுவிடும். அதனால் புகை கிளம்புகிற இடத்தில் ஓசோன் குறைவு. கடற்காற்று அந்தப் புகையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போக, அது வழியெல்லாம் வெயிலில் வெந்து ஊருக்கு வெளியேதான் கூடுகிறது என்றாள்.

"அப்பம் அடுப்பு இங்க, சோறு வேகுறது அங்கயா?" என்றார் தாசையன்.

"அதுதான்" என்று சிரித்தாள். "ஆனா இந்தப் புகை மனுஷனுக்கு நல்லதுன்னு நினைக்க வேண்டா."

மூன்று இடத்துத் தொட்டிகளையும் சங்கக் கூட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் மட்டும், இதெல்லாம் படித்தவர்கள் சொல்லும் கதை என்று கடைசி வரை முணுமுணுத்தார். மற்றவர்கள் இலைகளைக் கைமாற்றிப் பார்த்துவிட்டு அமைதியானார்கள்.

மறுநாள் காலையில் ஹரிகுமார் தம் காரோடு ஷெட் வாசலில் நின்றார். காரின் ஒரு பக்கம் நீளமாக உரசியிருந்தது.

"அண்ணாச்சி, ஷெட் திறக்கணும். இதை ரெண்டு இடத்துல காட்டினேன். கலர் சேரல. இதைச் சொல்லி வீட்டுல தினமும் சண்டை."

"அப்பம் பராதி?"

"பராதி கொடுக்கணும்னா ஊருல உள்ள எல்லா வண்டிக்கும் எதிரா கொடுக்கணும். என் காருக்கும் சேர்த்து." ஹரிகுமாரின் முகம் சிவந்தது. "க்ஷமிக்கணும்."

தாசையன் பதிலுக்குச் சாவியை எடுத்துவரப் போனார். பூட்டுத் திறந்ததும் ரோஸ்லெட் ஷெட்டைப் பெருக்கினாள். அவளுடைய இருமல் எப்போது நின்றது என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

தன் பங்கு என்று அஸ்வதி சொன்னதை அவர் மறக்கவில்லை. துப்பாக்கி கழுவுகிற தின்னரைத் திறந்த வாளியில் விடும் பழக்கத்தை விட்டு, மூடி போட்ட டின்னுக்கு மாறினார். முடிந்த வேலைக்குத் தண்ணீர் சேர்க்கிற பெயிண்டை வாங்கினார். அதனால் ஊர்க்காற்று மாறிவிடாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருடக் கோடைப் பயறு போனது போனதுதான். பார்வதியம்மாள் கொடிகளைப் பிடுங்கி உரக்குழியில் போட்டார். அஸ்வதி வேறொரு ரகப் பயற்று விதை கொண்டுவந்து கொடுத்தாள். ஓரளவு தாங்கும், உறுதியாகச் சொல்ல முடியாது, எதற்கும் மழை தொடங்கியபின் ஊன்றுங்கள் என்றாள். மேகம் மூடினால் ஓசோன் வேகாது.

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்கு மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ரோடெல்லாம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. மாடியில் புதுப் பயறு முளைத்து, கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கியது. இலைகள் விரிந்து, முற்றி, பச்சையாகவே நின்றன. ரோஸ்லெட் குடையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, பார்வதியம்மாளோடு நின்று ஒவ்வொரு இலையாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒரு புள்ளி இல்ல, கேட்டியளா!" என்று வாசலிலிருந்தே சொன்னாள்.

பதில் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாடு முடித்த தாசையன், ஷெட்டை ஒட்டின அறையில் பாய்கூட விரிக்காமல் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தகரத்தில் மழை விழுகிற சத்தம் அவரை எழுப்பவில்லை. வாய் லேசாகத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்; இத்தனை வருடத்தில் அவர் இப்படி அயர்ந்து தூங்கி அவள் பார்த்ததில்லை.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முன்பக்கம் நசுங்கியிருந்தது.

"சேச்சி, தாசையன் அண்ணாச்சி இல்லே?"

ரோஸ்லெட் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"உண்டு. தூங்குதாரு" என்றாள். "நாளைக்கு வாங்க."